பெரிய வெள்ளியன்று மணி அடித்தவர்

என் தங்கை தெரசாவின் கணவர் தனிஸ்லாஸ், ஒத்தக்கடைக்கு அப்பால் இருக்கும் எங்கள் பங்குக் கோவிலின் கோவில்பிள்ளை. கோவில்பிள்ளை என்றால் கதவு திறப்பவர், மெழுகுவர்த்தி ஏற்றுபவர், பீடத்துணி மடிப்பவர், உள்ளே நுழையும் நாயை விரட்டுபவர், எல்லாவற்றுக்கும் மேலாக மணி அடிப்பவர். முப்பத்தெட்டு வருஷமாக இந்த வேலை. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா செய்தார். காலை ஐந்தரை, பகல் பன்னிரண்டு, மாலை ஆறரை என்று மூன்று வேளையும் அவர் அடிக்கும் மணியோடு என் கைக்கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் வந்தால் கடிகாரத்தைத்தான் திருத்திக்கொள்வேன்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். டோனி வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் மாப்பிள்ளையோடு மட்டும் எனக்குச் சண்டை வந்ததே கிடையாது. சண்டை வர வேண்டுமென்றால் எதிராளி வாயைத் திறக்க வேண்டும். கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகூட அவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் அவருடைய தம்பி பெனடிக்ட் கிணற்றில் விழுந்து இறந்துபோனான், அதிலிருந்தே ஆள் இப்படித்தான் என்று பெரியவர்கள் சொன்னதோடு சரி. நாங்களும் அதற்கு மேல் தோண்டவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய வியாழன் மாலைப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது கோவில் மணிகள் எல்லாவற்றையும் சேர்த்து அடிப்போம். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு ஆண்டவர் உயிர்க்கிற பாஸ்கா பூசை வரைக்கும் மணிக்கு வாய் கிடையாது. வெள்ளிக்கிழமை முழுக்க மரக்கட்டையைத்தான் தட்டுவோம். ஆண்டவர் இறந்த பெரிய வெள்ளியன்று மணி அடிப்பது எங்கள் ஊரில் யாரும் கேள்விப்படாத காரியம். இழவு வீட்டில் கல்யாணப் பாட்டுப் போடுவதைக்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள்.

இதில் தனிஸ்லாஸ் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் மணிக்கூண்டுக்கு மேலே ஏறி, கீழே தொங்கும் கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டி வைத்துவிடுவார். மணியின் நாக்கில் ஊதாத் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு இறங்குவார். வேறு எந்தப் பங்கிலும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"சின்னப் பிள்ளைக தெரியாம இழுத்துரும் மச்சான்" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

இந்த வருஷப் பெரிய வெள்ளிக்கு ஊரே காலை ஆறரைக்குச் சிலுவைப்பாதை கிளம்பியது. கோவிலிலிருந்து மலையடிவாரம் வரை ஒன்றரை கிலோமீட்டர், ஆண்டவர் சிலுவை சுமந்ததை நினைத்து நின்று ஜெபிக்கப் பதினாலு தலம். முன்னால் மரக்கட்டை தட்டிக்கொண்டு போனவன் நான்தான். என் டி.வி.எஸ். வண்டியைப் பொழுது விடியும் முன்பே ஒரு பையனிடம் கொடுத்து அடிவாரத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். எனக்கு முட்டிவலி, திரும்பி நடக்க முடியாது. வழிபாடு முடிந்ததும் அங்கேயே புளியமரத்தடியில் கஞ்சி ஊற்றுவார்கள். வயதானவர்கள், பிள்ளைகள் எல்லாம் குடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி, பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வீட்டுக்குத் திரும்புவார்கள். பகல் மூன்று மணி வழிபாட்டுக்கு இரண்டரைக்குத்தான் கோவில் வளாகத்தில் ஆள் நடமாட்டம் வரும். அதுவரைக்கும் அங்கே இருப்பது கோவில்பிள்ளை ஒருவர்தான்.

தனிஸ்லாஸுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. காலையில் தெரசா மாத்திரையையும் தண்ணீரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். அன்றைக்கு ஒருசந்தி, சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்தான் என்று முடிவு செய்திருந்த மனிதர், பழக்க தோஷத்தில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டார். சாப்பிடாத வயிற்றில் சர்க்கரை மாத்திரை போனால் என்ன ஆகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதற்காகவே சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் கிடக்கும். பெரிய வெள்ளியன்று மிட்டாயைப் பையில் வைத்துக்கொண்டு திரிவது ஆண்டவரை ஏமாற்றுவது போல இருக்கிறது என்று அதையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டார். செல்போன் பேசக் கூடாத நாள் என்று அதை அணைத்து அலமாரிக்குள் பூட்டிவிட்டார். பக்தியில் என் மாப்பிள்ளையை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கு அவரைச் சாகடிக்கப் பார்த்ததும் அதுதான்.

மணிக்கூண்டில் பாதி உயரத்துக்கு சிமெண்டுப் படி, அதற்கு மேல் சுவரில் கொக்கி போட்டு மாட்டிய இரும்பு ஏணி. ஏழே முக்காலுக்கு ஏறியிருக்கிறார். உச்சித் தளத்தில் ஒரு காலை வைத்து மற்றக் காலைத் தூக்கும்போது துருப்பிடித்த கொக்கி பிய்ந்துகொண்டது. ஏணி சரிந்து கீழே விழுந்தது. இவர் தளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ மேலே புரண்டுவிட்டார். அதில் வலது கணுக்கால் மடங்கி வீங்கிவிட்டது. கீழே தாவலாம் என்றால் பதினைந்தடி. மணிக்கயிற்றைப் பிடித்து இறங்கியிருக்கலாமே என்று பின்னால் பல பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் யாருக்கும் அறுபத்தொரு வயதும் இல்லை, வீங்கிய காலும் இல்லை.

முதலில் அவர் பதறவில்லை. செய்ய வந்த வேலையைச் செய்தார். கயிற்றை இழுத்துச் சுருட்டி வைத்தார். மணி நாக்கில் துணியைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். பிறகுதான் சன்னல் பக்கம் தவழ்ந்து போய்ச் சத்தம் போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் மேலூர் ரோட்டு இரைச்சல். இன்னொரு பக்கம் பாதி கட்டி நிற்கும் புது வீடுகள். அன்று லீவு என்று கொத்தனார்கூட வரவில்லை. மூன்றாவது பக்கம் விருமாண்டியின் மல்லிகைத் தோட்டம். விருமாண்டி மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். இவர் துண்டை எடுத்து ஆட்டினார். விருமாண்டி நிமிர்ந்து பார்த்தார். வருஷாவருஷம் அதே நாளில் அதே இடத்தில் தெரிகிற ஆள்தானே என்று அவரும் தலைப்பாகையை அவிழ்த்து ஆட்டிவிட்டு, மோட்டாரை நிறுத்தி, வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்பது மணி வாக்கில் வியர்க்க ஆரம்பித்தது. வெயிலுக்கு வரும் வியர்வை வேறு, இது வேறு என்று சர்க்கரைக்காரர்களுக்குத் தெரியும். சட்டை நனைந்து உடம்பில் ஒட்டியது. விரல்கள் நடுங்கின. தூரத்தில் தெரிந்த மலை இரண்டிரண்டாகத் தெரிந்தது. பையில் கைவிட்டார், மிட்டாய் இல்லை. இப்படியே மயங்கினால் இரண்டரை மணிக்கு ஆள் வரும்போது தன்னைத் தூக்கித்தான் போவார்கள் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் முந்நூறு கிலோ வெண்கல மணி. ஒரு அடி அடித்தால் மலையடிவாரம் வரைக்கும் கேட்கும்.

அவர் அடிக்கவில்லை. ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இதை அவர் எனக்குச் சொன்னது மறுநாள் சனிக்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உயிர் போகப்போகுதுன்னு தெரியுது. மணியத் தட்டுறதுக்கு என்ன மாப்ள? ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஆண்டவருக்குப் பயந்து இல்ல மச்சான்" என்றார் தனிஸ்லாஸ். பிறகு அவர் பேசினார். நான் பார்த்து முப்பத்தைந்து வருஷத்தில் அவர் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அன்றைக்குப் பேசிய அளவுக்கு வராது.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளி. அன்றும் ஊர் இதே போல் மலையடிவாரத்தில் இருந்தது. தனிஸ்லாஸுக்குப் பதினோரு வயது, பெனடிக்டுக்கு எட்டு. கோவிலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பா இருவரையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். போகும்போது கயிற்றைக் காட்டி, "இன்னைக்கு இதத் தொட்டீங்கன்னா ஆண்டவரை ரெண்டாந்தடவை ஆணி அடிக்கிறதுக்குச் சமம்" என்று சொல்லியிருந்தார். பையன்கள் கோவிலுக்குப் பின்னால் விளையாடினார்கள். பெனடிக்ட் கிணற்றுப் படியில் இறங்கி வழுக்கி விழுந்தான். இருவருக்கும் நீச்சல் தெரியாது. சின்னவன் மோட்டார் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்று கத்தினான்.

இதுவரை எங்களுக்குத் தெரியும். அண்ணன்காரன் மலையடிவாரத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வந்தான், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் தெரியும். பாவம், பிள்ளை தன்னால் ஆனதைச் செய்தான் என்றுதான் ஐம்பது வருஷமாக ஊர் பேசியது.

"மொதல்ல நான் அடிவாரத்துக்கு ஓடல. மணிக்கூண்டுக்குத்தான் ஓடுனேன். கயிறப் பிடிச்சிட்டேன் மச்சான். ரெண்டு கையாலயும் பிடிச்சு, இழுக்கப் போனேன். அப்பா சொன்னது ஞாபகம் வந்துச்சு. விட்டுட்டேன். விட்டுட்டுத்தான் ஓடுனேன்."

அடிவாரத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் வெறுங்காலில் ஓடி, மூச்சு வாங்கி, அழுதுகொண்டே சொல்லிப் புரியவைத்து, அவர்கள் ஓடி வந்து கிணற்றில் குதித்தபோது அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூக்கிப் போட்டபோது உடம்பில் சூடு இருந்தது என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர் மறக்கவே இல்லை. கயிற்றைப் பிடித்ததை அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. பின்னால் அதே கயிற்றை இழுக்கும் வேலைக்கே வந்தார். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அது வேலைக் கயிறு. பெரிய வெள்ளியன்று மட்டும் அது தொங்குவதை அவரால் பார்க்க முடியாது. சின்னப் பிள்ளைகள் இழுத்துவிடும் என்பதெல்லாம் எனக்குச் சொன்ன சாக்கு.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு அந்தக் கயிற்றோடு தனியாக மாட்டிக்கொண்டார்.

"நான் அடிச்சு, யாராச்சும் வந்து என்னையத் தூக்கிட்டாங்கன்னா? அப்ப அன்னைக்கும் வந்திருப்பாங்கன்னுதானே அர்த்தம்? அதுக்குப் பயந்துதான் உக்காந்திருந்தேன். செத்துப்போனா அது தெரியாமப் போயிரும்ல" என்றார்.

கணக்கு வாத்தியாருக்கு இது புரியாமல் இல்லை. ஒரு மனிதர் தன் உயிரை ஒரு தட்டிலும், ஒரு விடை தெரியாமல் இருப்பதை இன்னொரு தட்டிலும் வைத்து, விடை தெரியாமல் இருப்பதே மேல் என்று முடிவு செய்திருக்கிறார்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் அவருக்குக் குரல் கேட்க ஆரம்பித்திருக்கிறது. சர்க்கரை இறங்கினால் மூளை அப்படித்தான் விளையாடும் என்று டாக்டர் எனக்கு விளக்கினார். கயிறு இறங்கும் துவாரத்தின் வழியாக அவர் கீழே பார்த்தார். உள்ளே இருட்டு. ஆழத்தில் ஒரு பையன் நிற்கிறான். முதலில் பெனடிக்ட் என்று நினைத்தார். உற்றுப் பார்த்தால் அரை டவுசரும் கோவில் சட்டையுமாக நிற்பது பதினோரு வயது தனிஸ்லாஸ். கயிற்றுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், இழுக்கமாட்டேன் என்கிறான்.

"எனக்குக் கோவம்னா கோவம் மச்சான். நான் இங்க சாகுறேன், நீ நின்னு வேடிக்க பாக்குறியா, அடிடா, அடிடான்னு கத்துனேன். எம்புட்டுக் கத்துனேன்னு எனக்கே தெரியல. அவன் அசையல. அப்பறம்தான் ஒறைச்சது. கயிறு கீழ இல்ல. நான்தானே இழுத்து மேல வச்சிருக்கேன். அந்தச் சின்னப்பய எப்பிடி அடிப்பான்? நான்தான் அடிக்கணும்."

துணியில் போட்ட மூன்று முடிச்சையும் நடுங்கும் விரலால் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்திருக்கிறார். எழுந்து நிற்க முடியாமல் மண்டியிட்டபடியே மணி நாக்கை இரண்டு கையாலும் பிடித்து அடித்தார்.

நாங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். முதல் அடி விழுந்ததும் ஊரே சிலை மாதிரி நின்றுவிட்டது. இரண்டாவது அடிக்குப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. எவனோ விளையாடுகிறான், இவனைப் பங்குத்தந்தையிடம் இழுத்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டும், எத்தனை மணிக்கு அடித்தான் என்று சரியாகச் சொல்ல வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இரண்டு. தெரசாவை டி.வி.எஸ்.சில் ஏற்றிக்கொண்டு முறுக்கினேன். பின்னாலேயே பத்துப் பதினைந்து வண்டிகள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தவர்கள் வேறு. ஒருவர் முகத்திலும் இரக்கம் கிடையாது. எல்லோரும் அடிக்கத்தான் வந்தோம். வேறு எந்த நாளில் அந்த நேரத்துக்கு மணி அடித்திருந்தாலும் ஒரு ஆள் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

கூண்டுக்குள் நுழைந்து "எவன்டா அவன், எறங்குடா கீழ!" என்று கத்தினேன். மணி நின்றது. ஏணி கீழே கிடப்பதைத் தெரசாதான் முதலில் பார்த்தாள். மணிச் சத்தம் கேட்டு விருமாண்டியும் வீட்டிலிருந்து வந்துவிட்டார். அவருடைய மூங்கில் ஏணியைத்தான் வைத்தோம். அவரே ஏறினார். சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளையின் வாயைத் திறந்து ஊற்றினார். "ரெண்டு மணி நேரம் முன்னாடி கையாட்டுனாரு, நானும் ஆட்டுனேனே" என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அங்கிருந்து வண்டி பிடித்து நகரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மணி அடித்ததில் ஒரு பாவமும் இல்லை என்று பங்குத்தந்தை அன்று மாலையே வழிபாட்டில் சொல்லிவிட்டார். ஊரும் அடங்கிவிட்டது.

சனிக்கிழமை காலையில் தெரசா இட்லி வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில்தான் தனிஸ்லாஸ் இத்தனையையும் என்னிடம் சொன்னார். சொல்லி முடித்தார். பிறகு கேட்டார்.

"எம்புட்டு நேரத்துல வந்தீங்க மச்சான்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. விடையும் தெரியும். நான் வண்டியை நிறுத்தியபோது பத்து ஒன்பது. நேரத்தில் நான் பொய் சொன்னதே கிடையாது. ஒரு நிமிஷம் தாமதமாக வந்த பையனுக்கும் ஒரு நிமிஷம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"அரை மணி நேரம் ஆயிருச்சு மாப்ள" என்றேன். "மொதல்ல எவனோ வெளையாடுறான்னு யாரும் அசையல."

அவர் மூச்சை விட்டார். "அரை மணி நேரமா" என்றார். "அப்ப அன்னைக்கும்..." கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு தளர்ச்சி வந்தது. நான் செய்தது சரி என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

தெரசா இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, இவருக்கு என்ன என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், என் தங்கை ஆரம்பித்துவிட்டாள்.

"அத ஏன் கேக்குறீங்க. பெரிய வெள்ளியும் அதுவுமா மணி அடிச்சிட்டாரு. எங்கண்ணன் கோவத்துல வண்டிய முறுக்குன முறுக்குல ஏழே நிமிசத்துல போய் நின்னோம். அவரே மணி பாத்திருக்காரு. நேத்துல இருந்து ஆஸ்பத்திரி பூராம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

உண்மைதான். டாக்டரிடமும் சொல்லியிருந்தேன், வாசலில் காவல்காரரிடமும் சொல்லியிருந்தேன். என் பெருமை என் பொய்யை ஐந்து நிமிஷம்கூட நிற்க விடவில்லை.

தனிஸ்லாஸ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஏழு நிமிசமா மச்சான்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"தெரசா, இங்க வந்து உக்காரு" என்றார். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் சொல்லாததை எனக்கு முன்னாலேயே சொன்னார். கயிற்றைப் பிடித்ததை, விட்டதை. "அன்னைக்கு வண்டி இல்லாட்டியும் பத்து நிமிசத்துல ஓடி வந்திருப்பாங்க. தூக்கும்போது ஒடம்புல சூடு இருந்துச்சுல்ல, அவன் அதுக்கு மேல ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கான். நான் அடிச்சிருந்தா அவன் இருந்திருப்பான்."

நான் எதையாவது சொல்லி மறுக்கப் பார்த்தேன். தெரசா என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டாள்.

"ஆமாங்க" என்றாள். "இருந்திருப்பான்."

அவள் கணவரின் தலையைத் தன் பக்கம் இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "பதினோரு வயசுல இதத் தூக்கிக்கிட்டு நீங்க மட்டும் ஒத்தையில நடந்திருக்கீங்களே" என்றாள்.

அப்போது தனிஸ்லாஸ் அழுதார். வாய்விட்டு, மூக்கு ஒழுக, தம்பி பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அழாதீர்கள் என்று நானும் சொல்லவில்லை, என் தங்கையும் சொல்லவில்லை.